எல்.கே.ஜி.க்கு முன்னால்



ஜூன் மாதம் நெருங்கினால் வீடுகளில் பை வாங்குவார்கள், ஷூ வாங்குவார்கள். ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையின் வீட்டில் அதற்கெல்லாம் முன்பே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்: "சேர்த்துக்கொள்வார்களா?" நானும் அப்படி ஒரு பிள்ளையின் தகப்பன்தான். அந்தப் பயத்தில் நாம் செய்வது என்ன? ஏ முதல் இசட் வரை ஒப்பிக்க வைக்கிறோம். நிறங்களின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையை வாட்டுகிறோம்.

எழுத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் பள்ளியில் மிஸ் இருக்கிறாரே! நாம் பழக்க வேண்டியது வேறு. அம்மா பக்கத்தில் இல்லாத இடத்தில் பிள்ளை தன் தேவையைத் தெரிவிக்க வேண்டும். ஒன்றுக்கு வருகிறது, தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, வேண்டாம். இந்த நான்கும் போதும். வாயால் சொல்ல வராவிட்டால் சைகை இருக்கிறது, பட அட்டை இருக்கிறது. ஆனால் அந்தச் சைகை நமக்கு மட்டும் புரிந்தால் பயனில்லை. ஆயாவுக்கும் புரிய வேண்டும்.

வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறையும் பள்ளியில் இந்தியன் கழிப்பறையும் இருந்தால், அதை இப்போதே பழக்குங்கள். பிள்ளை தானே திறக்கக்கூடிய டிபன் பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். புதுச் சீருடை உறுத்தும். பலமுறை துவைத்து வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். வேன், பிரார்த்தனை, வகுப்பு, சாப்பாடு, வீடு என்று வரிசையாகப் படம் ஒட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று தினமும் காட்டுங்கள். விடுமுறையில் அனுமதி வாங்கி, ஆளில்லாத வகுப்பறையில் பிள்ளையை நடக்க விடுங்கள்.

தலைமையாசிரியர்களே, பெற்றோர் இவ்வளவு செய்த பிறகு பள்ளியின் பங்கு என்ன? பிரார்த்தனையில் பிள்ளையை ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி நிற்க வைப்பதற்குச் செலவு உண்டா? சத்தம் தாங்காதபோது ஒதுங்க ஒரு மூலை கொடுப்பதற்குத் தனிக் கட்டடம் வேண்டுமா? இதெல்லாம் சலுகை அல்ல. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 16ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் அதில் உண்டு. "எங்களிடம் வசதியில்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதை இந்தச் சட்டம் ஏற்கவில்லை.

பெற்றோரே, கையில் மருத்துவச் சான்றிதழோடு இன்னொரு தாளும் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எது பயம், அழுதால் எப்படி அடங்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதி மிஸ்ஸிடம் கொடுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார், போய்க் கேளுங்கள். நமக்காகத்தான் அவர் இருக்கிறார்.

கடைசியாக, மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஜூனில் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால், "செக்‌ஷனை மாற்றுங்கள்" என்று அலுவலக அறைக்குப் போகாதீர்கள். உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்கள்.