மொட்டைமாடிச் சேவலும் வளைஞ்ச முள்ளும்

போன மாசம் எங்க மொட்டைமாடிச் சேவல் நொண்ட ஆரம்பிச்சது. தூக்கிப் பார்த்தா, கால் முள் வளைஞ்சு தோலைக் குத்திட்டு இருந்தது. நகம்தானேன்னு நினைச்சு, கட்டிங் பிளேயரால பாதியோட வெட்டிட்டேன். ரத்தம் நிக்கவே இல்லை. எனக்குக் கை நடுங்கிடுச்சு. அம்மாச்சிதான் சோள மாவை அப்பி, துணியால அழுத்திப் பிடிச்சு நிறுத்தினாங்க.

முள்ளோட மேல்கூடு மட்டும்தான் நம்ம நகம் மாதிரி. உள்ளே எலும்பு இருக்கு, ரத்தம் ஓடுது, வலிக்கும். அதனால நுனியை மட்டும் அரத்தால கொஞ்சம் கொஞ்சமா தேய்ங்க. இருட்டினப்புறம் செஞ்சா சேவல் அடங்கி உக்காரும். நெஞ்சை அழுத்தாம துண்டுல சுத்தி, இன்னொருத்தர் பிடிச்சுக்கணும். காயம் வீங்கினா கால்நடை மருத்துவர்கிட்ட போயிடுங்க.

இப்போ நல்லா நடக்குது. என்னைப் பார்த்தா மட்டும் ஒதுங்கிப் போகுது. கோவம் இன்னும் போகல போல.