இரும்புப் பெட்டியில் மனிதன் குடியிருக்கலாமா?

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், கப்பலில் சரக்கு ஏற்றிவரும் இரும்புப் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, ஏழை மக்கள் குடியிருக்கும் வீடாக்கலாமா என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலர் சிரிக்கிறார்கள். "மனிதன் என்ன மூட்டையா, பெட்டியில் போட்டு அடைக்க?" என்கிறார்கள். வேறு சிலரோ, "வீட்டுக் கஷ்டத்திற்கெல்லாம் இதுவே மருந்து, ஏழைக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரும் யோசித்துப் பேசுவதாக நமக்குத் தோன்றவில்லை. ஒரு பொருளை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லுமுன், அது எப்படி வந்தது, எதனால் ஆனது, எங்கே யாருக்கு எப்படிப் பயன்பட்டது என்று விசாரிப்பதல்லவா பகுத்தறிவுடையோர் வேலை? ஆகவே முதலில் விசாரிப்போம். பிறகு முடிவு சொல்லுவோம். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் புத்தியைக் கொண்டு அலசிப் பாருங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.

ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றுவதென்றால் மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாகக் கூலிகள் தோளில் சுமந்து ஏற்றவேண்டும். நாட்கணக்கில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் லாரிக் கம்பெனி நடத்தியவர். "லாரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தாலென்ன?" என்று அவர் யோசித்தார். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை டன் ஒன்றுக்கு ஐந்து டாலருக்கு மேல் ஆன ஏற்றுகூலி 16 சென்டு அளவுக்கு இறங்கிற்று. 1968-இல் இந்தப் பெட்டிக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு வகுக்கத் தொடங்கினார்கள். இன்று அது எந்தத் தேசத்து லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் பொருந்துகிறது.

அந்த அளவைக் கவனியுங்கள். சிறிய பெட்டி 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். பெரியது 40 அடி நீளம். உள்ளே அளந்தால் சிறியதில் சுமார் 150 சதுர அடியும் பெரியதில் சுமார் 300 சதுர அடியும் கிடைக்கும். நான்கு மூலைத் தூண்களில் பளுவைத் தாங்கும்படி செய்திருப்பதால், ஒன்றின் மேல் ஒன்றாக எட்டு வரை அடுக்கினாலும் நிற்கும்; புயலிலும் உப்புக் காற்றிலும் தாங்கும். இப்பேர்ப்பட்ட பலமுள்ள பெட்டியை வீடாக்கினாலென்ன என்று நினைப்பது இயற்கைதானே? அமெரிக்காவில் பிலிப் கிளார்க் என்பவர் இதற்கான முறையை எழுதி 1987-இல் பேட்டண்டுக்கு விண்ணப்பித்து 1989-இல் பெற்றும் விட்டார்.

இங்கே நம் நாட்டு வைதீக மூளை என்ன சொல்லும் என்று பாருங்கள். வீடு கட்டவேண்டுமென்றால் நமக்குக் கொத்தனாருக்கு முன்னே ஜோசியன் வரவேண்டும். மனையடி சாஸ்திரத்தைப் புரட்டி, அறை இத்தனை அடி இருந்தால் செல்வம், ஒரு அடி கூடினால் தரித்திரம், இன்னொரு அடி கூடினால் எஜமானுக்குக் கண்டம் என்று பலன் சொல்லுவான். ஈசானிய மூலை, அக்கினி மூலை, நைருதி மூலை என்று மூலைக்கொரு தெய்வத்தை நிறுத்தி, மூளையை மாத்திரம் வெளியே நிறுத்திவிடுவார்கள். பிறகு ஓமம், தட்சிணை, பசுமாட்டை வீட்டுக்குள் ஓட்டுதல்! கடன் வாங்கிக் கட்டிய ஏழை, சுவருக்குப் பூச்சு இல்லாவிட்டாலும் கிரகப்பிரவேசத்துக்குக் குறைவில்லாமல் செய்கிறான்.

ஆனால், தோழர்களே, உலகமெங்கும் ஒரே அளவுள்ள இந்தப் பெட்டியைக் கிரேன் தூக்கித் திருப்பி வைத்தால் அக்கினி மூலையும் கூடவே திரும்புமா? காலையில் கிழக்கு வாசலாயிருந்தது மாலையில் மேற்கு வாசலாகிவிட்டால் எஜமானின் ஆயுசு குறையுமா? வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளிலும் சாவு உண்டு, கடன் உண்டு, நோய் உண்டு என்பது நாம் பிரத்தியட்சமாகக் காண்பதுதான். வீட்டுக்கு வேண்டியது காற்று, வெளிச்சம், தண்ணீர், கழிவறை, சாக்கடை. இவை சரியாயிருக்கின்றனவா என்று சொல்ல டாக்டரும் இஞ்சினீயரும் போதும்.

நிற்க, பெட்டி வீடு இதுவரை நடந்து காட்டிய மூன்று இடங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரம். அங்கே மாணவர்கள் தங்க அறை கிடைக்காமல் திண்டாடினார்கள். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் 'கீட்வோனன்' என்ற பெயரால் சுமார் 1000 பெட்டி வீடுகளை ஐந்து அடுக்காக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் தனிக் குளியலறை, தனி அடுப்பங்கரை, ஒரு சிறு தாழ்வாரம். சீனாவில் உள்வேலை முடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஐந்தாண்டுக்கு மாத்திரம் என்று வைத்தது, அதற்குப் பிறகும் நின்றது. ஆனால் ஒரு பெட்டியில் ஒரே ஓர் ஆள். அதுவும் படிப்பு முடிந்தால் போய்விடுகிற வாலிபர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, ஜப்பானிலுள்ள ஒனகாவா. 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி பூகம்பத்திலும் ஆழிப்பேரலையிலும் அந்தச் சிறு பட்டணம் அழிந்தது. சுமார் பதினாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் 800 பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போனார்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஊராதலால், மிஞ்சியவர்களுக்குத் தற்காலிக வீடு போடச் சமதரை இல்லை. ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் என்ன செய்தார்? பந்து விளையாடும் மைதானமொன்றில் 20 அடிப் பெட்டிகளை இரண்டடுக்கும் மூன்றடுக்குமாக, சதுரங்கப் பலகைபோல, ஒரு பெட்டி, ஓர் இடைவெளி, ஒரு பெட்டி, ஓர் இடைவெளி என்று அடுக்கினார். குளியலறையும் பிள்ளைகள் அறையும் பெட்டிக்குள்ளே. இடைவெளியில் கண்ணாடி போட்ட வெளிச்சமான கூடம். அவ்வருஷ நவம்பருக்குள் 189 குடும்பங்களுக்கு இடமாயிற்று. ஒருவர் இருவருக்கு சுமார் 210 சதுர அடி, மூவர் நால்வருக்கு சுமார் 320, அதற்கு மேற்பட்டவர்களுக்கு சுமார் 425 என்று ஆளுக்குத் தக்கபடி கொடுத்தார்கள். தொண்டர்கள் வந்து சாமான் வைக்க அலமாரி செய்து கொடுத்தார்கள். கூடிப் பேசவும் கடை வைக்கவும் பொது இடம் ஏற்படுத்தினார்கள். வீட்டை இழந்தவன் வீட்டோடு மானத்தையும் இழக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்த வேலையிலே இருக்கிறது. அந்த மனிதருக்கு 2014-இல் பிரிட்ஸ்கர் பரிசு என்னும் பெரிய மரியாதை கிடைத்தது.

மூன்றாவது, லண்டன் முதலிய இங்கிலாந்து நகரங்கள். உலகத்துக்கே நாகரிகம் சொல்லிக் கொடுத்ததாகப் பெருமை பேசிய தேசம். அங்கே வாடகை கொடுக்க முடியாமல் வெளியேற்றப்பட்ட குடும்பங்களைப் பிள்ளைகுட்டிகளோடு பெட்டி வீடுகளில் வைத்தார்கள். 2019-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குழந்தைகள் கமிஷனர் வெளியிட்ட அறிக்கையில், அவ்வீடுகள் வெயில் காலத்தில் தாங்க முடியாத வெப்பமும் குளிர் காலத்தில் தாங்க முடியாத குளிருமாய் இருக்கின்றன, இடம் நெருக்கடியாய் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று கண்டித்திருக்கிறார்.

தோழர்களே! மூன்று இடத்திலும் வீடு பெட்டி வீடுதான். ஓரிடத்தில் அது வீடாயிற்று, ஓரிடத்தில் விடுதியாயிற்று, ஓரிடத்தில் கூண்டாயிற்று. இதற்கு இரும்பின்மேல் குற்றம் சொல்ல முடியுமா? ஒனகாவாவில் குடியிருக்கப் போகிறவனை மனிதனாக நினைத்துத் திட்டம் போட்டார்கள். இங்கிலாந்திலோ அவனை எங்கேயாவது ஒதுக்கி வைக்கவேண்டிய தொல்லையாக நினைத்தார்கள்.

இந்த நினைப்பு நமக்குப் புதிதல்ல. அக்கிரகாரம் ஓரிடம், ஊர் ஓரிடம், சேரி ஊருக்கு வெளியே ஓரிடம் என்று ஆயிரக்கணக்கான வருஷமாக வீட்டை வைத்தே மனிதனைப் பிரித்தவர்கள் நாம். இன்றும் பட்டணத்தில் வாடகைக்கு வீடு கேட்டால், "நீங்கள் என்ன ஆட்கள்? சைவமா?" என்று வேறு வார்த்தையில் ஜாதியைக் கேட்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் முதலிய கடற்கரைகளில் மீனவ மக்களுக்குத் தார் அட்டையால் தற்காலிகக் கொட்டகை போட்டதும், அந்த வெயிலில் அதற்குள் உட்காரமுடியாமல் தாய்மார்கள் குழந்தைகளோடு வெளியே கிடந்ததும் மறந்து போயிற்றா? 2000-ஆம் ஆண்டு முதல் சென்னை ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், பின்பு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்களே, அங்கே கல்வீடு கிடைத்தது. ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் பல மைல் தூரம் போய்விட்டன. வீட்டு வாடகையில் மிஞ்சியதைப் பஸ் தின்றுவிட்டால் அது எப்படி மலிவான வீடாகும்?

"பெட்டி மலிவு, பெட்டி மலிவு" என்பவர்கள் கணக்கை முழுவதும் சொல்லுவதில்லை. பெட்டி என்பது ஓடு மாத்திரம். செங்கல்லைவிட இரும்பு பல பத்து மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். ஆகவே வெப்பத் தடுப்பு வைக்காத பெட்டி, சித்திரை வெயிலில் அடுப்பின்மேல் வைத்த சட்டியாகும். குளிர் நாட்டிலோ உள்ளே இருப்பவர் விடும் மூச்சும் சமையல் ஆவியும் இரும்பில் பட்டு நீராக வழியும். தடுப்புப் பலகை வைத்தால் முன்னமே எட்டடி இல்லாத அகலம் இன்னும் குறையும். ஜன்னலுக்காகச் சுவரை அறுத்தால் பெட்டியின் பலம் குறைகிறது. அதற்கு வேறு இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்யவேண்டும். தரைப் பலகையில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். பழம் பெட்டியில் முன்பு என்ன சரக்கு வந்ததோ! ஆகையால் தரையை மாற்றவோ மூடவோ வேண்டும். இத்தனைக்கும் மேல் அஸ்திவாரம், தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்சாரம். எல்லாவற்றுக்கும் மேலாக மனை! பட்டணத்தில் ஏழைக்கு வீடு இல்லாததற்குக் காரணம் சுவர் விலையைவிட மண் விலையே அல்லவா? அந்த மண்ணைப் பற்றி வாய் திறக்காமல் பெட்டியைப் பற்றி மாத்திரம் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாயிருங்கள்.

அதற்காக நாம் பெட்டியை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விபத்துக் காலத்தில் சில மாதத்தில் கூரை கிடைக்குமானால் அது எவ்வளவு பெரிய லாபம்! மூடிப்போட்டு வைத்திருக்கும் பழக்கத்தைவிட உபயோகமுள்ள புதுமை மேல் என்பதே நம் கொள்கை. ஆனால் நாம் கேட்பன சில உண்டு.

1. வெப்பத் தடுப்பும், எதிரெதிர் ஜன்னலும், நிழல் தரும் இரண்டாம் கூரையும் இல்லாத பெட்டியை வீடு என்று சட்டம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

2. ஆளுக்குத் தக்க இடம் வேண்டும். ஐந்து பேர் குடும்பத்தை 150 சதுர அடியில் வைத்தால் ஆளுக்கு 30 சதுர அடி. அதில் ஒரு கட்டில் போட்டால் 18 சதுர அடி போய்விடும். மீதியில் சமைப்பதா, படிப்பதா, பெண்கள் துணி மாற்றுவதா?

3. ஊருக்கு நடுவே, வேலைக்கும் பள்ளிக்கும் அருகே வைக்கவேண்டும். ஊருக்கு வெளியே வரிசையாக வைத்தால் அது இரும்பினால் செய்த புதுச் சேரியே ஆகும்.

4. தற்காலிகமென்றால் எத்தனை வருஷம், அதன்பின் எந்த வீடு என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நிரந்தரமென்றால் மனைக்குப் பட்டா கொடுக்கவேண்டும். அதுவும் கணவன் பேரில் மாத்திரமல்லாமல் மனைவி பேரிலும் கொடுக்கவேண்டும்.

இந்த நாலாவதை அழுத்திச் சொல்லுகிறோம். பெட்டி வீட்டைச் சுலபமாக நகர்த்தலாம் என்பதை அதன் பெரிய குணமாகச் சொல்லுகிறார்கள். சரி, நகர்த்தும் கிரேன் யார் கையில் இருக்கிறது? குடியிருப்பவன் கையில் இருந்தால் அது சௌகரியம். மனைக்காரன் கையிலும் அதிகாரி கையிலும் இருந்தால், வீட்டை விட்டு மனிதனைத் துரத்திய காலம் போய், வீட்டோடு சேர்த்து மனிதனைத் தூக்கி எறியும் காலம் வந்துவிடும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு சுலபமான பரீட்சை சொல்லுகிறோம். மலிவான வீடென்று எதை யார் கொண்டுவந்தாலும், "ஐயா, இதில் தாங்கள் தங்கள் மனைவி மக்களோடு ஒரு கோடைகாலம் இருப்பீர்களா?" என்று கேளுங்கள். "இருப்பேன்" என்று சொல்லி இருந்தும் காட்டினால், அந்தப் பெட்டியைச் சந்தோஷமாக வாங்கிக் கொள்ளுங்கள். ஜோசியனைக் கேட்காமல், ஓமம் வளர்க்காமல், அன்றைக்கே குடிபோங்கள். "எனக்கல்ல, உங்களைப் போன்றவர்களுக்கு" என்று சொன்னாரானால், அவர் விற்பது வீடல்ல, பழைய வருணாசிரமமேயாகும் என்று அறிந்து, வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். வீடு சிறிதாயிருக்கலாம், அதில் வாழும் மனிதனின் மரியாதை சிறிதாகக் கூடாது.