வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே



திருத்தணியில் பட்டமளிப்பு மேடை ஏறுகிறவர் எவரும் இவ்வூரில் அவதரித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவர்களை நினைவுகூராமல் பேச்சைத் தொடங்க முடியாது. தத்துவப் பேராசிரியரென்றும் ராஷ்டிரபதியென்றும் அவரை நீங்கள் நன்கறிவீர்கள். 1948 ஆம் ஆண்டில் சுதந்திர இந்தியா நியமித்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைவராக அவர் அமர்ந்திருந்தபோது, அதே கமிஷனில் அங்கத்தினராக வீற்றிருந்த ஒருவரை மட்டும் இன்று உங்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கிய ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். தொழிலால் பிரசவ வைத்தியர். கிராமங்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் தோன்ற வேண்டுமென்று சிபாரிசு செய்த அந்தச் சபையில், ஆயிரக்கணக்கான தாய்மார்களின் பிரசவத்தைக் கண்ணாரக் கண்ட ஒருவரும் இருந்தார் என்பதைத் தற்செயலான சம்பவமாக நான் கருதவில்லை. கல்வி என்ற காரியமும் குழந்தை உயிரோடு வளர்வது என்ற காரியமும் எவ்வளவு நெருங்கிய உறவுடையவை என்பதைச் சொல்லவே நான் இங்கு வந்திருக்கிறேன்.

என் வாழ்நாளின் பெரும்பகுதி குழந்தை வைத்தியத்தில் கழிந்தது. ஆகையால், இலக்கியமும் சரித்திரமும் வணிகவியலும் கணிதமும் பயின்ற உங்களிடம் சிசு மரணத்தைப் பற்றிப் பேசுகிறேன். மங்களகரமான நாளில் இப்படியொரு விஷயமா என்று எவரும் மனம் வருந்த வேண்டாம். இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள்: பெற்றது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று இரண்டு கணக்குச் சொல்வதுதான் அவர்கள் தலைமுறையின் வழக்கமாக இருந்தது. 1971 இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயது நிரம்புவதற்குள் மறைந்தன; 2020 இல் அந்தத் தொகை 13 ஆகக் குறைந்தது. அதே ஆண்டில் இந்தியா முழுமைக்கும் அது 28. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாறுதலுக்கு நிகரான சாதனை நம் சரித்திரத்தில் வெகு சில என்றே சொல்வேன். ஆரம்ப சுகாதார நிலையங்களும், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஊர் ஊராகச் சென்ற கிராம சுகாதாரச் செவிலியர்களும், தடுப்பூசிகளும், 1982 இல் விரிவடைந்த சத்துணவும், 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் கடைக்கோடி நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்த மருந்துகளும், 2008 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 108 ஆம்புலன்ஸ் வண்டிகளும் சேர்ந்து செய்த காரியம் இது. நூறு பிரசவங்களில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இன்று ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. 2022 இல் நம் மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

அப்படியானால் மிஞ்சியிருக்கும் குழந்தைகள் ஏன் இறக்கின்றன? எவராலும் காப்பாற்ற முடியாத பிறவிக் குறையோடு பிறக்கிறவை சில உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மரணம் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே, அதிலும் முதல் வாரத்திலேயே வருகிறது. இந்தியாவில் இறந்த அந்த 28 குழந்தைகளில் 20 குழந்தைகள் பிறந்து 28 நாள் ஆவதற்குள் இறந்தவை. நாள் நிரம்பாமல் பிறத்தல், பிறந்தவுடன் மூச்சுத் திணறுதல், ரத்தத்திலோ நுரையீரலிலோ கிருமி பரவுதல் ஆகிய இவையே முக்கிய காரணங்கள். தாயும் சேயும் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகு, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, குழந்தை பால் குடிப்பதை நிறுத்துகிறது, அழுகை ஓய்கிறது, பாதம் சில்லிடுகிறது. பச்சிளங்குழந்தையின் நோய் பெரியவர்களுடைய நோயைப் போல அலறிக்கொண்டு வருவதில்லை. குழந்தை சமர்த்தாகத் தூங்குகிறது என்று வீட்டார் நினைத்திருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரத்திலேயே சிகிச்சைக்குரிய வேளை கடந்துவிடுகிறது.

அந்த மணி நேரங்களில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். மாந்தம் என்கிறார் ஒருவர். உரம் விழுந்திருக்கிறது, எடுத்துப் போடு என்கிறார் மற்றொருவர். தொக்கம் எடுக்கிறவர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்று வண்டி கட்டுகிறார்கள். பிறந்த அன்று சேனை வைத்த சர்க்கரைத் தண்ணீர் முதல் சீம்பாலின் இடத்தை அபகரித்திருக்கும். தாய்க்கு ஏதோ சரியில்லை என்று உள்ளூரத் தெரியும். ஆனால் பிரசவித்த பெண் தீட்டு கழியாமல் வெளியே போகலாகாது, மாமியார் உத்தரவு வேண்டும், கணவன் தறியிலிருந்து வர வேண்டும், பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். இங்கே எவரையும் நான் குற்றவாளியாக்கவில்லை. அந்த வீட்டுப் பாட்டி, தன் குழந்தைகளில் சிலவற்றை இழந்து, எஞ்சியவற்றை இந்த முறைகளாலேயே காப்பாற்றினோம் என்று நம்புகிறவள். அவளுடைய அன்பில் களங்கமில்லை. நம் திருத்தணி மலையின் 365 படிகளில் குழந்தையைத் தோளில் சுமந்து ஏறி முடி காணிக்கை செலுத்துகிறவர்களில் எத்தனை பேர், நோயுற்ற இரவில் முருகனிடம் வேண்டிக்கொண்டவர்கள்! வேண்டிக்கொண்டது நியாயமே. வேண்டிக்கொண்ட கையோடு 108 ஐ அழைத்திருந்தால் எந்த நேர்த்திக்கடனும் குறைந்துபோயிராது.

சட்டம் இயற்றி ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டிவிடலாம். வீட்டுக்குள் நிகழும் இந்தத் தாமதத்தை எந்தச் சட்டமும் நீக்க இயலாது. அதை நீக்கக்கூடியவர் யார் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு விடை கிடைத்தது. ஜான் கால்ட்வெல் என்ற மக்கள்தொகை ஆராய்ச்சியாளர் நைஜீரியாவில் திரட்டிய விவரங்களைக் கொண்டு 1979 இல் ஒரு கட்டுரை எழுதினார். தந்தையின் தொழிலும் வருமானமும் எவ்வாறிருந்தாலும், படித்த தாயின் குழந்தைகள் படிக்காத தாயின் குழந்தைகளைவிட அதிகமாகப் பிழைத்ததை அவர் எடுத்துக் காட்டினார். காரணம், பள்ளிக்கூடத்தில் நோயைப் பற்றி அவள் எதையோ மனப்பாடம் செய்தாள் என்பதன்று. பள்ளிக்குச் சென்ற பெண் வீட்டில் வாய் திறந்து பேசுகிறாள்; குழந்தைக்கு ஆகாரம் கொடுப்பதிலும் வைத்தியம் பார்ப்பதிலும் தன் தீர்மானமே செல்லும்படி செய்கிறாள்; டாக்டரின் முன் நின்று அச்சமின்றிக் கேள்வி கேட்கிறாள். கேரளத்தையும் இலங்கையையும் பற்றிப் பின்னர் அவர் எழுதியவற்றிலும் இதே கருத்தே பிரதானமாக இருந்தது. 1926 இலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைத்து, வீடு தேடிச் செல்லும் மருத்துவச்சிகளை ஊர்தோறும் நியமிக்கத் தொடங்கிய இலங்கையில், அந்த மருத்துவச்சி சொன்னதைக் கேட்டு நடக்கப் படித்த தாய்மார்களும் இருந்தார்கள்.

ஆகவே, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் யுவதிகளே, நாளை உங்கள் அண்ணியின் குழந்தையோ அண்டை வீட்டுக் குழந்தையோ பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும்போது, மூத்தவர்களுக்குரிய மரியாதையில் அணுவளவும் குறையாமல், ஆனால் குரல் தணியாமல், இப்போதே புறப்பட வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் இந்தப் பட்டத்தில் அடங்கியிருக்கிறது. இளைஞர்களே, அந்தக் குரல் எழும்போது நிலைப்படியில் வண்டியோடு நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.

வைத்தியம் படிக்காத நாங்கள் என்ன செய்ய இயலும் என்று கேட்பீர்கள். 1971 இல் வங்காளத்து அகதிகள் போங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலை வந்தது. திலீப் மஹலநபிஸ் என்ற டாக்டர் உப்பும் சோடாவும் குளுக்கோஸும் கலந்த நீரைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே உயிரைக் காத்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் தமக்கையருமே. அதைப் போலவே, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு அறுபது தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து என்பதை அறியக் கடிகாரமும் கவனமும் இருந்தால் போதும். மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே மார்பு உள்ளே இழுத்தாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், காலைவரை காத்திருக்கலாகாது. தொப்புளில் எதையும் தடவலாகாது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தோலில் படும்படி அணைத்து வைத்தால், அந்தச் சூடே அதற்கு அரிய மருந்து.

இன்னொரு விஷயமும் உண்டு. அதில்தான் என் மனம் அதிகம் துயருறுகிறது. மாநிலம் முழுமைக்குமான சராசரிக் கணக்கில் ஏரிக்கரை ஓரத்து இருளர் குடிசைகள் தனியாகத் தெரிவதில்லை. ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஆறு மாதம் வேலை செய்யும் ஜனங்களும் தெரிவதில்லை. கர்ப்பிணி ஓர் ஊரில் பதிவாகிறாள், வேறொரு மாநிலத்தில் பிரசவிக்கிறாள், குழந்தையின் தடுப்பூசி அட்டை மூன்றாவது இடத்தில் தொலைந்துபோகிறது. 1960 ஏப்ரல் 1 ஆம் தேதி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து நாம் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தோம்; அந்த எல்லைக்கோட்டை, அதற்கு அப்பாலுள்ள நகரியிலிருந்து வரும் தாய் தினந்தோறும் கடக்கிறாள், அவளுடைய பதிவேடு கடப்பதில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளாகிய உங்களுக்குத் தமிழோடு தெலுங்கும் சரளமாக வரும். சுகாதாரத் துறைக்கு எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் எளிதில் கிட்டாத சம்பத்து அது.

தை பிறந்தால் சூளைகள் மூட்டப்படும். அப்போது உங்கள் ஊர் எல்லையிலுள்ள ஒவ்வொரு சூளைக்கும் இருவர் இருவராகச் சென்று, எத்தனை கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, எந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சேர்ப்பியுங்கள். தனியொருத்தியாகப் பல குக்கிராமங்களைச் சுற்றிவரும் அவருக்கு அது பெரிய உபகாரம். இதைக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் காரியமாக ஏற்க வேண்டுமென்று முதல்வர் அவர்களை இந்தச் சபையின் முன்னிலையில் வேண்டுகிறேன். இன்று பட்டம் பெற்றுச் செல்கிறவர்கள் முதல் ஆண்டு மாணவர்களுக்குக் கூடவே நடந்து வழிகாட்டட்டும். முதல் பட்டியல் தை மாதம் முடிவதற்குள் செவிலியர் கையில் இருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.