அப்பன் பேரும் தகுதியும்

அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் 16 வயசுத் தாய்க்குப் பிறந்த கறுப்புப் பிள்ளை லெப்ரான் ஜேம்ஸ். வீடு வீடாய் மாறி அலைஞ்சதில் நாலாம் வகுப்பில் 83 நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதே பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் ஆடிய கூடைப்பந்தை 2002இல் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அவர் மகன் பிரானியை 2023இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் அணிக்கு எடுத்தது. அந்த ஜூலையில் பயிற்சியிலேயே இதயம் நின்று, பிழைத்தான் பையன். 2024இல் லேக்கர்ஸ் அணி 55ஆவது ஆளாய் எடுத்ததும் 'அப்பன் சிபாரிசு, தகுதியில்லை' என்று ஒரே கூச்சல். கல்லூரியில் ஆட்டத்துக்கு 4.8 புள்ளிதான், அப்பன் பேர் உதவியிருக்கு, ஒத்துக்கிறேன்.

ஆனா அந்த அணியை 1979இல் வாங்கினவர் ஜெர்ரி பஸ். 2013இல் அவர் செத்ததும் அணியே பிள்ளைகள் கைக்குப் போச்சு. அதுக்குத் தகுதிப் பரீட்சை வைச்சது யாரு? வங்கியில் என் நாற்காலியைப் பார்த்து 'கோட்டா' என்கிறவர்களிடமும் இதைத்தான் கேட்டேன். டீ ஆறிப்போச்சுன்னு எழுந்து போனாங்க.