எல்.ஜே. ரோட்டுச் சீமாட்டியும் ஒரு தோல் வாரும்



மும்பையில் தாராவியிலிருந்து மாகிம் பக்கம் போகிற யாருக்கும் எல்.ஜே. ரோடு தெரியும். அந்த எல்லும் ஜேயும் யார் என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். லேடி ஜம்ஷெட்ஜி என்பது முழுப்பெயர். ஆவாபாய் என்ற பார்சிப் பெண்மணி. மாகிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே கழிமுகம். படகில்தான் கடக்க வேண்டும். பாலம் கட்டப் பணமில்லை என்று கிழக்கிந்தியக் கும்பெனி அரசு கையை விரித்தபோது, இந்த அம்மாள் ஒரு லட்சத்து 57 ஆயிரம் ரூபாய் கொடுத்தார். 1840களில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

சரி, ஆவாபாய் எப்படி ‘லேடி’ ஆனார்? கணவர் ‘சர்’ ஆனதால். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842-இல் சர் பட்டம் பெற்றார். இந்தியர்களில் அவர்தான் முதல் ஆள். ஜே.ஜே. ஆஸ்பத்திரி, ஜே.ஜே. ஓவியப் பள்ளி எல்லாம் அவர் பெயரில் இருப்பவைதான்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. எல்லா ‘சர்’ரும் ஒரே ‘சர்’ இல்லை. ஜம்ஷெட்ஜி வாங்கியது ‘நைட் பேச்சலர்’ என்ற வகை. பேச்சலர் என்றதும் கல்யாணம் ஆகாதவர் என்று நினைத்துவிடாதீர்கள், ஆவாபாய் கோபித்துக்கொள்வார்! எந்தச் சங்கத்திலும் சேராத தனி வீரர் என்று அதற்குப் பொருள். பெயருக்கு முன்னால் இரண்டெழுத்து கிடைக்கும்; மார்பில் குத்திக்கொள்ள அன்று பதக்கம் கிடையாது. இந்த வகையினருக்கென்று ஒரு பதக்கம் வந்ததே 1926-இல்தான். நம் சி.வி. ராமன் 1929-இல் பெற்றதும் இந்த வகை ‘சர்’தான்.

இன்னொரு வகை, சங்கத்தில் சேர்ந்து பெறுவது. ‘ஆர்டர்’ என்பார்கள். ஆர்டருக்கு ஆர்டர் நாடா நிறம் வேறு, பதக்கம் வேறு, வாசகம் வேறு. இவற்றில் மூத்தது மூன்றாம் எட்வர்டு மன்னர் 1348-இல் தொடங்கிய ‘கார்ட்டர்’. கார்ட்டர் என்றால் காலுறை நழுவாமல் கட்டுகிற வார், அவ்வளவுதான். விருந்தில் நடனமாடும்போது ஒரு சீமாட்டியின் வார் அவிழ்ந்து விழுந்ததாம். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, மன்னர் அதை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டு, இதில் தப்பர்த்தம் பார்ப்பவனுக்கு வெட்கக்கேடு என்று பிரெஞ்சில் சொன்னாராம். கதைதான். ஆனால் அந்த வாசகம் இன்றும் அந்த நீல வாரில் இருக்கிறது.

தாராவியில் பெல்ட் தைக்கும் ஒரு அண்ணாச்சியிடம் அந்தச் சின்னத்தின் படத்தைக் காட்டினேன். திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்தில் தோல் பதனிட வந்த குடும்பம். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். “பக்கிள் இருக்கு, ஓட்டை இருக்கு, வாரைச் சுத்தி முடிச்சுப் போட்டுத் தொங்க விட்டிருக்கான். நம்ம பெல்ட்டுதானப்பா இது!” என்றார். இங்கிலாந்தின் ஆக மூத்த ஆர்டரை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1857 கிளர்ச்சி முடிந்தது, கும்பெனி ஆட்சி போனது, விக்டோரியா மகாராணியின் நேரடி ஆட்சி வந்தது. சமஸ்தான மன்னர்களைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு 1861-இல் பிறந்ததுதான் ‘ஸ்டார் ஆப் இந்தியா’, இந்திய நட்சத்திரம். வடிவம் தீட்டும்போதே ஒரு சங்கடம். இங்கிலாந்து ஆர்டர்களில் எங்கும் சிலுவை, எங்கும் புனிதர்கள். உச்சப் பிரிவுக்குப் பெயரே ‘கிராண்ட் கிராஸ்’, பெருஞ்சிலுவை. இதை ஓர் இந்து ராஜா கழுத்திலோ ஒரு நவாபின் கழுத்திலோ எப்படி மாட்டுவது? கிளர்ச்சியின் சூடு ஆறியும் ஆறாத நேரம். ஆகவே சிலுவையை எடுத்துவிட்டு நட்சத்திரம் வைத்தார்கள். ‘கிராண்ட் கிராஸ்’ இங்கே ‘கிராண்ட் கமாண்டர்’ ஆனது. வாசகத்திலும் கடவுள் பெயர் இல்லை: ‘வான ஒளியே நம் வழிகாட்டி’. யார் படித்தாலும் தம் சாமியை நினைத்துக்கொள்ளலாம். ஓனிக்ஸ் கல்லில் செதுக்கிய மகாராணியின் முகம், அதைச் சுற்றி வைரம் பதித்த எழுத்து, ஓரம் வெள்ளையான வெளிர்நீல நாடா. கழுத்து மாலையில் தாமரையும் ரோஜாவும் பனையோலையும்.

1878-இல் வந்த ‘இந்தியப் பேரரசு’ ஆர்டரின் மாலையிலோ யானையே வந்துவிட்டது, கூடவே மயிலும். பதக்கம் சிவப்பு ரோஜா. ஆரம்பத்தில் அதன் ஐந்து இதழிலும் ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்ற ஐந்து எழுத்தும் இதழுக்கொன்றாக இருந்தன. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி முத்துசாமி ஐயருக்கு அந்த முதல் ஆண்டிலேயே இது கிடைத்தது. தெருவிளக்கில் படித்தவர் என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுவோமே, அவரேதான்.

கடலைத் தாண்டினால் கதை மாறுகிறது. இலங்கையில் பொன்னம்பலம் இராமநாதன், பழுத்த சைவர், 1889-இல் சி.எம்.ஜி. ஆனார். புனித மைக்கேல், புனித ஜார்ஜ் ஆர்டர் அது. அதன் பதக்கம் ஏழு கை உள்ள வெள்ளைச் சிலுவை. நடுவில் சாத்தானைக் காலால் மிதிக்கும் மைக்கேல். அதே மகாராணிதான். இந்தியாவுக்குக் காட்டிய தயக்கம் இலங்கைக்கு இல்லை. அங்கே 1857 நடக்கவில்லை என்பதுதான் காரணமென்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சாத்தான் கறுத்த மனிதனைப் போல இருக்கிறான் என்ற புகார் 2020-இல் பெரிதாக எழுந்தது. ஜமைக்காவின் கவர்னர் ஜெனரலே அந்தச் சின்னத்தை அணிவதை நிறுத்திவைத்தார்.

வாங்கியவர்கள் பற்றி நிறையப் பேசுகிறோம், திருப்பிக் கொடுத்தவர்களைப் பற்றிக் குறைவு. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919-இல் தாகூர் சர் பட்டத்தைத் துறந்ததைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதற்கு ஒரு வருடம் முன்பே துறந்த தமிழர் ஒருவர் உண்டு: சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மதுரைக்காரர். சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர். சுயாட்சி கேட்டுப் போராடிய அன்னி பெசன்ட்டை அரசு 1917-இல் காவலில் வைத்தபோது அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு நேராகக் கடிதம் எழுதினார். எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற நீதிபதி செய்கிற காரியமா இது! லண்டன் பார்லிமென்டில் அமைச்சர் மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். கிழவர் அசரவில்லை. ‘இந்தியப் பேரரசு’ ஆர்டரின் கே.சி.ஐ.இ.யையும் திவான் பகதூரையும் சேர்த்தே வேண்டாம் என்று எழுதிவிட்டார். மிதவாதத் தலைவர் சீனிவாச சாஸ்திரி வேறு ரகம்: ‘இந்திய நட்சத்திர’ ஆர்டரின் கே.சி.எஸ்.ஐ. தேடி வந்தபோது மறுத்தார், பெயருக்கு முன்னால் எதுவும் ஒட்டாத ‘கம்பேனியன் ஆப் ஆனர்’ கௌரவத்தை 1930-இல் ஏற்றார்.

இந்திய ஆர்டர்களில் கடைசி நியமனம் 1948 புத்தாண்டில். பிறகு நம் அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. 1954-இல் பாரத ரத்னா வந்தது. அதன் பதக்கம் இன்று அரசிலை வடிவத்தில் இருக்கிறது. முதலில் பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். பின் இருவரும் பழைய ‘சர்’கள். பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? செம்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பாராட்டு விழாவில் போய் உட்காருங்கள். பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் மைக்கில் நாலு பட்டம் வந்துவிடும்.

பட்டங்கள் போனதுபோல மகாராணியின் பெயரும் போனதுண்டு. மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறதே, நம் பிள்ளைகள் பலர் படித்த பொறியியல் கல்லூரி, அது விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிட்யூட். மகாராணியின் பொன்விழாவுக்காக 1887-இல் தொடங்கியது. 1997-இல் வீரமாதா ஜீஜாபாய் என்று பெயர் மாற்றினார்கள், சிவாஜி மகாராஜாவின் தாயார் பெயர். மாட்டுங்கா பெரியவர் ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் அங்கே படித்தவர். “நல்லவேளை சார், வியும் ஜேயும் அப்படியே இருக்கு. என் சர்டிபிகேட்டை மாத்த வேண்டாம்” என்றார்.