தன் கோட்டையைத் தானே தாக்குதல்



1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அந்நாளில் பிக்காடிலி வீதியிலிருந்த பிரமா நிறுவனத்தாரின் கடைச் சாளரத்தில் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. திறவுகோலின்றி அதனைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்பும் உடனிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பரிசை எவரும் பெற்றிலர். பொருட்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டு வல்லுநர், முதலில் சப் நிறுவனத்தாரின் புகழ்பெற்ற பூட்டை அரைமணி நேரத்திற்குள் திறந்து காட்டினார். பிறகு பிரமா பூட்டின்முன் அமர்ந்தார். பல நாட்களிற் பரந்து கிடந்த 51 மணி நேர உழைப்புக்குப் பின் அதுவும் திறந்துகொண்டது.

நகரத்தார் திகைத்தனர். பூட்டின் குறையை இவ்வாறு ஊரறியச் சொல்லலாமா, கள்வருக்கு வழிகாட்டியதாகாதா என்று பலர் வினவினர். கள்வர் தம் தொழிலை நம்மினும் நன்கறிவர். அறியாதிருப்பவர் வீட்டுக்காரரே என்பது ஹாப்ஸின் விடை. பூட்டைப் பற்றி எழுந்த இதே வழக்குத்தான் நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறியைப் பற்றியும் எழுந்தது.

1993இல் டான் ஃபார்மர் என்ற அமெரிக்கரும், வீட்ஸே வெனிமா என்ற நெதர்லாந்து அறிஞரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உங்கள் கணிப்பொறிகளை நீங்களே உடைத்துப் பாருங்கள், அப்போதுதான் எங்கே காவல் குறைவு என்பது விளங்கும் என்பது அதன் சாரம். அக்கட்டுரையின் வழியே பிறந்த மென்பொருளை 1995 ஏப்ரலில் எல்லோருக்கும் இலவசமாக, அதன் மூல நிரலுடன் வெளியிட்டனர். ஒரு வலைப்பின்னலிலுள்ள கணிப்பொறிகளை ஒவ்வொன்றாக அணுகி, தாழிடாத வாயில்கள் எவையெவை என்று பட்டியலிட்டுத் தருவது அதன் பணி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'சாத்தான்' என்று பெயரிட்டது சற்று விளையாட்டுத்தனமே. பெயரைக் கண்டு அஞ்சுவோருக்காக, எழுத்துகளை மாற்றி அதனைக் கிறிஸ்துமஸ் தாத்தாவாகிய 'சாண்டா' ஆக்கிவிடும் சிறு நிரலொன்றையும் உடன் வைத்திருந்தனர். அந்நிரலின் பெயர் 'மனந்திரும்பு' என்னும் பொருளுடையது!

ஆயினும் விளையாட்டாக முடியவில்லை. செய்தித்தாள்கள் பேரழிவை முன்னுரைத்தன. இம்முயற்சியின் காரணமாக ஃபார்மர், தாம் பணியாற்றிய சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் வேலையை இழந்தார். மென்பொருள் வெளிவந்தது, முன்னுரைத்த பேரழிவு வரவில்லை. மறு ஆண்டின் இறுதியில் ஃபார்மர், வங்கிகள், செய்தித்தாள்கள் முதலியவற்றின் இணையக் கணிப்பொறிகள் சுமார் 2,200ஐ உள்ளே புகாமல் வெளியிலிருந்தே நோக்கி ஆராய்ந்தார். பெயர்பெற்ற தளங்களுள் பாதிக்கு மேற்பட்டவை எளிதில் உடைபடக்கூடிய நிலையில் இருந்தன. உரியவர்களைக் கேளாமல் அவர் இவ்வாறு நோக்கியது முறையா என்றால், முறையன்று என்றே நான் சொல்வேன். ஆனால் அவர் கண்டது உண்மை.

சாத்தான் செய்தது நோய் காணும் வேலை. அதற்குப் பின் வந்த கருவிகள் போர் ஒத்திகையே நடத்துகின்றன. 2003இல் எச். டி. மூர் தொடங்கிய மெட்டாஸ்பிளாய்ட், கண்ட குறையின் வழியே உண்மையாக உட்புகுந்து காட்டுவது. அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் 2017இல் மூல நிரலைத் திறந்து வழங்கிய கால்டெரா இன்னும் ஒரு படி மேலே சென்றது. எரிமலை வாயின் பெரும்பள்ளத்தைக் குறிக்கும் சொல் அது.

இது வேலை செய்யும் வகையைச் சற்று விரித்துரைக்கிறேன். மைட்டர் நிறுவனத்தார் உண்மையில் நிகழ்ந்த தாக்குதல்களை ஆராய்ந்து, பகைவர் கையாளும் உத்திகளை வகைப்படுத்தி ஓர் அட்டவணை செய்து, அதனை 2015இல் உலகறிய வெளியிட்டிருந்தனர். உட்புகுதல், நிலைகொள்ளுதல், கடவுச்சொல்லைக் கவர்தல், பக்கத்துக் கணிப்பொறிக்குத் தாவுதல், செய்திகளை வெளியே கடத்துதல் என அது விரியும். கால்டெராவில் ஒரு தலைமைக் கணிப்பொறி உண்டு. சோதிக்கப்படும் கணிப்பொறிகளில் சிறிய முகவர் நிரல்களை நாமே நிறுவி வைக்கிறோம். அவை குறித்த இடைவெளிகளில் தலைமையிடம் வந்து, அடுத்த கட்டளை யாது என்று கேட்கும். தலைமை, அட்டவணையிலுள்ள உத்திகளை ஒவ்வொன்றாக ஏவும். ஒரு முகவர் ஒரு பயனர் பெயரைக் கண்டறிந்தால், அச்செய்தியைக் கொண்டே அடுத்த அடியைத் தலைமை தீர்மானிக்கும். காவலர்களோ தம் பதிவேடுகளை நோக்கி, எந்த அடியைக் கண்டோம், எதனைக் கோட்டைவிட்டோம் என்று கணக்கிடுவர்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கும் இத்தகைய ஒத்திகை உண்டு. உடன் பயில்வோரே மாணவராக அமர்ந்து, கேட்கத் தகாத வினாக்களையெல்லாம் கேட்டுக் கற்பிப்பவரைத் திணறச் செய்வர். மெய்யான வகுப்பில் முப்பது குறும்பர்கள் செய்வதை அந்த ஐந்தாறு பேர் செய்துவிடுவார்கள்!

2007ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் எஸ்டோனியா நாட்டில், போர்வீரர் சிலையொன்றை இடம் மாற்றிய பூசலையொட்டி அரசுத் தளங்களும் வங்கிகளும் செய்தித்தாள்களும் இணையத் தாக்குதலால் முடங்கின. அந்நாட்டின் தலைநகர் தாலினில் உள்ள நேட்டோ கூட்டுறவு மையம், 2010 முதல் 'லாக்டு ஷீல்ட்ஸ்' என்ற பயிற்சியை நடத்தி வருகிறது. 'பெரிலியா' என்னும் கற்பனை நாட்டின் மின்சாரமும் குடிநீரும் நின்றுவிடாமல் நீல அணிகள் காக்க, செவ்வணி ஓயாமல் தாக்கும். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தியாளரின் வினாக்களுக்கும் சட்டச் சிக்கல்களுக்கும் நீல அணியினர் விடை சொல்லவேண்டும். இப்பகுதியே எனக்கு மிகவும் பிடித்தது.

கருவியின் மூல நிரலைத் திறந்து வைப்பதால் தீயோரும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? எடுத்துக்கொள்கிறார்கள், மெட்டாஸ்பிளாய்டைக் கள்வரும் கையாண்டிருக்கிறார்கள். இதை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் விலைகொடுத்து வாங்க இயலாத சிறு மருத்துவமனையும் கல்லூரியும் வேறெங்கே போகும்? மேலும், தாக்கும் கருவியை நம் கணிப்பொறிக்குள் விடுமுன் அதனுள் வேறு நஞ்சு கலந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்க முடிவது, நிரல் திறந்திருந்தால் மட்டுமே.

உங்களுள் சிலர் இதனைப் பழக விரும்பக்கூடும். பிறருடைய கணிப்பொறியில் உரிமையாளரின் இசைவின்றி நேர்மையற்ற நோக்குடன் புகுந்தால், நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கல்லூரியின் வலைப்பின்னலும் பிறருடையதே. பழகுவதற்கென்றே வேண்டுமென்று குறைகளோடு செய்யப்பட்ட 'மெட்டாஸ்பிளாய்டபிள்' என்னும் மெய்நிகர்க் கணிப்பொறி இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே அதனை இயக்கி, வெளி இணையத் தொடர்பை முற்றிலும் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். தொடங்குமுன் அதன் நிலையைப் பதிவுசெய்து வைத்தால், உடைத்து முடித்ததும் ஒரு நொடியில் பழைய நிலைக்கு மீட்டு, அடுத்த முறை காவலர் பக்கம் அமர்ந்து அதே தாக்குதலைப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.