படிப்பை விட்ட பெண்ணுக்கு எந்த வாசல்?



ராஜமுந்திரியில் 1909-ல் பிறந்த துர்காபாய்க்கு எட்டு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தை அவர் தாமாகவே விட்டார். ஆங்கில வழியில்தான் படிக்க வேண்டும் என்றதை எதிர்த்து வெளியே வந்துவிட்டார். பிறகு உப்புச் சத்தியாகிரகம், சிறை. விடுதலையாகி வந்த பின், கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கோ போய்விட்ட வயதில், மெட்ரிக் பரீட்சைக்குப் புத்தகத்தை எடுத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிக் தேர்வைத் தனியாகப் படித்தே எழுதித் தேறினார். அடுத்துப் பட்டப் படிப்பு. 1942-ல் சென்னையில் சட்டப் பட்டம். அப்புறம் அரசியல் நிர்ணய சபை.

இதற்கிடையே மைலாப்பூரில் தம் வீட்டுப் பக்கத்துப் பெண்களைச் சேர்த்து அதே மெட்ரிக்குக்குத் தயார் செய்தார். அந்த வகுப்புதான் ஆந்திர மகிளா சபையாக வளர்ந்தது. 1953-ல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். 1958-ல் அந்த வாரியம், பாதியில் படிப்பை விட்ட பெண்களுக்கென்றே ஒரு சுருக்கப் படிப்பைத் தொடங்கியது. பல வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் முடித்துப் பரீட்சை எழுத வைப்பது அதன் நோக்கம். விட்டவளுக்குத் தனி வழி வேண்டும், மறுபடி சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்று தெரிந்தவர் போட்ட திட்டம் அது.

இன்று நம் ஊர்களில் விடுகிறவள் யார்? பத்தாவதில் கணக்கில் போனவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அடுப்படிக்கு வந்தவள். பன்னிரண்டாம் வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டும், சாயங்காலம் பஸ் இல்லை என்று வீட்டில் வைத்துக்கொள்ளப்பட்டவள். திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கம் பஞ்சாலை விடுதிக்கு அனுப்பப்பட்டவள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அதற்கு சுமங்கலித் திட்டம் என்று பெயர் வேறு. கணக்கில் போனவளையும் மில்லுக்குப் போனவளையும் ஒரே மாதிரி "படிப்பு ஏறாதவள்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது பொய்.

இவர்கள் திரும்பி வர வழி இருக்கிறது. ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவள் அந்தப் பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம். பத்தாம் வகுப்பு முழுவதையும் தனித்தேர்வராக எழுத நினைப்பவள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிந்து, வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். இந்த அறிவிப்பு பேப்பரில் ஒரு மூலையில் வரும். அதைப் பார்க்காமல் விட்டால் ஒரு வருஷம் போச்சு. அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

வழி தவற வைக்கும் பலகைகளும் உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது வேண்டாம், நேரே டிகிரி வாங்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு சுவர்களில் எழுதியிருந்த காலத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-லேயே ஆணை போட்டுவிட்டது. பணம் கட்டி, பட்டம் வாங்கி, வேலைக்கு மனு போட்ட பிறகுதான் பலருக்கு இது தெரிந்தது. ஆகவே பத்தாவதை முடி, பிறகு பன்னிரண்டு, அதன் பிறகு பட்டம். சுற்று வழியாகத் தோன்றும். ஊர் போய்ச் சேர்வது இதில்தான்.

அரசிடமும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் நல்ல திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆனால் அஞ்சல் வழியிலும் தொலைதூரக் கல்வியிலும் படிப்பவர்களுக்கு அது கிடையாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிறவளுக்கு அந்த வழியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? நிற்காமல் ஓடுகிறவளுக்குக் கைகொடுக்கிறோம், விழுந்து எழுந்தவளை விட்டுவிடுகிறோம். இதை மாற்ற வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய தடை நேரம். மாமியாரோ கணவரோ சாயங்காலம் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் கணக்குப் பாடம் ஓடிவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்களுக்கும்தான் சொல்கிறேன்: ராத்திரிச் சமையலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்கள் பாருங்கள்.

பரீட்சை என்றாலே பயம் என்பவர்கள் ஐ.டி.ஐ.யைப் பாருங்கள். எட்டாவது முடித்தவர்களுக்கும் பத்தாவது முடித்தவர்களுக்கும் தனித்தனித் தொழிற்பிரிவுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.க்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. பெண்களுக்கு அங்கே உச்ச வயது வரம்பு கிடையாது.